பட்டாளத்துப் பிள்ளைகளின் கையில் ஸ்ட்ரெஸ் வாட்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேலத்தில் மருத்துவக் கருவிகளைப் பற்றிப் பாடம் எடுக்கிறேன். காந்தி ஸ்டேடியத்தில் அக்னிவீர் தேர்வுக்காக ஓடும் பையன்கள், பிள்ளையைப் பட்டாளத்துக்கு அனுப்பிய பெற்றோர், ஓய்வுபெற்ற ஹவில்தார்கள், என் மாணவர்கள் என்று பலரும் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகளை அவரவர் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன்.

1. வாட்ச் கட்டி ஜவான்களோட டென்ஷனைப் பார்க்கிறாங்களாமே, அது என்ன சமாச்சாரம் சார்?

மணிக்கட்டிலோ மார்பிலோ விரலிலோ மாட்டிக்கொள்ளும் சின்னக் கருவி. இதயத் துடிப்பு, தோலின் ஈரம், தோலின் சூடு, உடம்பின் அசைவு ஆகியவற்றை அது பதிவு செய்துகொண்டே இருக்கும். அந்தப் பதிவுகளை வைத்து, இவர் நெருக்கடியில் இருக்கிறார், இவருக்கு ஓய்வு போதவில்லை என்று ஒரு மென்பொருள் கணிக்கும்.

கணிக்கும் என்றுதான் சொல்கிறேன். மன அழுத்தத்தை நேரடியாக அளக்கும் கருவி எதுவும் கிடையாது. உடம்பு பரபரப்பாக இருக்கிறதா என்பதைத்தான் சென்சார் பார்க்கிறது. உலை மூடி தடதடவென்று ஆடினால் உள்ளே கொதிக்கிறது என்று தெரியும். வேகிறது சோறா பருப்பா என்று மூடி சொல்லாது. கீழே வரும் பல பதில்கள் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றியே வரும்.

இந்திய ராணுவத்தில் ஒவ்வொரு ஜவானுக்கும் இப்படி ஒன்று கொடுத்தாகிவிட்டது என்று வாட்ஸ்அப்பில் வந்தால் நம்ப வேண்டாம். வெயிலும் குளிரும் மலை உயரமும் வீரர்களின் உடம்பை என்ன செய்கின்றன என்று ஆராய்வதற்கு டெல்லியில் டிஆர்டிஓவின் கீழ் டிபாஸ் என்ற ஆய்வுக்கூடம் இருக்கிறது. இந்தத் துறையில் வெளிப்படையாக அதிகம் எழுதியிருப்பது அமெரிக்க ராணுவம். அதனால் கீழே வரும் உதாரணங்கள் பலவும் அங்கிருந்துதான்.

2. வாட்ச்சுக்கு அடியில பச்சை லைட் எரியுதே, அது எதுக்கு?

ரத்தம் பச்சை ஒளியை நன்றாக உறிஞ்சும். இதயம் ஒருமுறை சுருங்கும்போது மணிக்கட்டுக்கு வரும் ரத்தம் கொஞ்சம் கூடும், திரும்பி வரும் ஒளி கொஞ்சம் குறையும். அந்த ஏற்ற இறக்கத்தை எண்ணினால் நாடித் துடிப்பு கிடைக்கும். மார்பில் கட்டும் பட்டை வேறு வகை. அது ஈசிஜி போல இதயத்தின் மின் சைகையையே பிடிக்கிறது. கம்பியில்லாத மார்புப் பட்டையை 1980களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொண்டுவந்தது பின்லாந்தின் போலார் நிறுவனம். முதலில் அதை வாங்கியவர்கள் விளையாட்டு வீரர்கள்.

3. எச்ஆர்வி எச்ஆர்வின்னு எல்லா ஆப்புலயும் வருது. துடிப்பு எத்தனைன்னு தெரிஞ்சா போதாதா?

போதாது. நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் சரியாக விநாடிக்கு ஒன்று என்று நினைக்கிறோம். ஆரோக்கியமான இதயம் அப்படித் துடிப்பதில்லை. ஒரு இடைவெளி 0.94 விநாடி, அடுத்தது 1.05, அதற்கடுத்தது 0.98 என்று ஆடிக்கொண்டே இருக்கும். மூச்சை இழுக்கும்போது துடிப்பு கொஞ்சம் வேகமாகும், விடும்போது மெதுவாகும். இந்த ஆட்டம் எவ்வளவு என்பதுதான் எச்ஆர்வி.

மூளையிலிருந்து இதயத்துக்கு வரும் வேகஸ் நரம்பு பிரேக் போடுவது. ஓய்வில் அதன் கை ஓங்கியிருக்கும், ஆட்டமும் அதிகம். பயம், கோபம், காய்ச்சல், தூக்கமின்மை எது வந்தாலும் வேகஸ் பின்வாங்கும். துடிப்புகள் இயந்திரம் போல ஒரே சீராகிவிடும். இதை எப்படி அளப்பது என்று ஐரோப்பிய, அமெரிக்க இதய மருத்துவர்கள் கூடி 1996-ல் ஒரு பொது முறையை வகுத்தார்கள். இன்றைய ஆப்கள் பலவற்றின் கணக்கும் அதிலிருந்து வந்ததே.

துடிப்புகளுக்கு இடையில் மில்லி விநாடிக் கணக்கில் அளக்க வேண்டியிருப்பதால், மணிக்கட்டு வாட்ச் நடக்கும்போதும் ஓடும்போதும் எச்ஆர்வியில் தடுமாறும். தூங்கும்போது எடுத்த அளவுக்குத்தான் மதிப்பு அதிகம்.

4. வேர்வையை வச்சும் பார்க்கிறாங்களாமே? நம்ம ஊர் வெயில்ல எல்லாருக்குமே வேர்க்குமே!

நியாயமான கேள்வி. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் வியர்வைச் சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. பதற்றம் வந்தவுடன் அவை இயங்கிவிடும். தேர்வு அறையில் கை பிசுபிசுப்பது அதனால்தான். ஈரம் கூடினால் தோல் மின்சாரத்தை எளிதாகக் கடத்தும். நமக்கே தெரியாத அளவு சின்ன மின்னோட்டத்தைச் செலுத்தி அந்த மாற்றத்தை அளக்கிறார்கள். குளிரூட்டிய ஆய்வக அறையில் உட்கார்த்தி வைத்துப் பார்த்தால் இது அருமையான அளவு.

ஏப்ரல், மே மாதச் சேலத்து வெயிலில் முதுகில் பையோடு ஒருவரை நடக்கவிட்டால் அந்த அளவுக்குப் பொருளே இல்லாமல் போய்விடும். போதாததற்கு, உள்ளங்கையில் சென்சார் கட்டிக்கொண்டு துப்பாக்கி பிடிக்க முடியாது. மணிக்கட்டுக்கு மாற்றினால் அங்கே சுரப்பிகள் குறைவு. களத்தில் இருப்பவர்களுக்கு வியர்வை அளவை மட்டும் நம்பி ஒன்றும் சொல்லக்கூடாது என்பது என் கருத்து.

5. ஓடினாலும் துடிப்பு ஏறுது, பயந்தாலும் ஏறுது. எது எதுன்னு வாட்ச்சுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே இருக்கும் அசைவு சென்சார் மூலம் கொஞ்சம் தெரியும். துடிப்பு 130, உடம்பும் வேகமாக அசைகிறது என்றால் உழைப்பு. துடிப்பு 110, ஆள் அசையாமல் இருக்கிறார் என்றால் வேறு ஏதோ. பெரும்பாலான மென்பொருள்கள் அசைவு அதிகமான நேரத்தைக் கணக்கிலிருந்தே விட்டுவிடுகின்றன.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? அடிவாரத்திலிருந்து ஏற்காடு மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவும் ஏறி, மேலே வந்து உட்கார்ந்திருப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். அசைவு நின்றுவிட்டது, துடிப்பு இறங்க நேரம் எடுக்கிறது. ‘கடும் அழுத்தம்’ என்று வாட்ச் சொல்லும். ஆளோ டீயும் மிளகாய் பஜ்ஜியுமாகச் சந்தோஷமாக இருப்பார். கல்யாண வீட்டில் ஆடினாலும், கிரிக்கெட்டில் கடைசி ஓவர் பார்த்தாலும் இதே கதைதான். எதற்காகக் கொதிக்கிறது என்று அதற்குத் தெரியாது, கேள்வி 1-ல் சொன்னதுதான்.

6. ஸ்ட்ரெஸ் 78-ன்னு காட்டுது. பயப்படணுமா?

அந்த எண் ரத்த அழுத்தம் போலவோ சர்க்கரை போலவோ பொது அளவு இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென்று ஒரு கணக்கு வைத்திருக்கிறது. கார்மின் வாட்ச் எச்ஆர்வியை வைத்து 0 முதல் 100 வரை எண் போடும். 25 வரை ஓய்வு, 76-லிருந்து அதிகம் என்பது அவர்கள் வகுத்த பிரிவு. இன்னொரு கம்பெனியின் 78-ஐ இதோடு ஒப்பிட முடியாது.

பக்கத்து வீட்டுப் பையனோடும் ஒப்பிடாதீர்கள். ஒருவருக்கு எச்ஆர்வி 30 மில்லி விநாடி, இன்னொருவருக்கு 80, இரண்டும் இயல்பாகவே இருக்கலாம். வயது, பிறவி வாகு, உடற்பயிற்சி எல்லாம் சேர்ந்தது அது. ஒருவரை அவரோடுதான் ஒப்பிட வேண்டும். இரண்டு மூன்று வாரம் இரவுநேர அளவுகளைச் சேர்த்தால் அவருடைய வழக்கம் எது என்று புரியும். அதிலிருந்து பல நாள் தொடர்ந்து விலகினால் கவனிக்கலாம். ஒரு மத்தியான 78-ஐ மறந்துவிடுங்கள்.

7. ரத்தத்துல கார்ட்டிசால் பார்த்தா கச்சிதமா தெரிஞ்சுடாதா?

கார்ட்டிசால் என்ற ஹார்மோன் நெருக்கடியில் கூடுவது உண்மை. ஆனால் தூங்கி எழுந்த அரை மணி, முக்கால் மணிக்குள் பெரும்பாலோருக்கு அது உச்சிக்குப் போகும், பிறகு நாள் முழுக்கச் சரியும். எப்போது எடுத்தோம் என்பதைப் பொறுத்து எண் மாறும். இரவுப் பாரா (காவல் பணி) பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவருக்கு எது காலை? வியர்வையிலிருந்தே கார்ட்டிசால் அளக்கும் ஒட்டுப் பட்டைகள் ஆய்வுக்கூடங்களில் உருவாகி வருகின்றன. தினசரி நம்பிப் பயன்படுத்தும் நிலைக்கு அவை இன்னும் வரவில்லை.

8. நம்ம நிறத்துக்கு அந்தப் பச்சை லைட் வேலை செய்யாதுன்னு ஒரு வீடியோ பார்த்தேன், நிஜமா?

பாதி நிஜம். தோலுக்கு நிறம் தரும் மெலனின் பச்சை ஒளியை உறிஞ்சும், அதனால் திரும்பி வரும் சைகை மங்கும். நல்ல வாட்ச் ஒளியைக் கூட்டிச் சமாளித்துக்கொள்ளும், மலிவானது தடுமாறும். அந்த இடத்தில் பச்சை குத்தியிருந்தால் இன்னும் மோசம். ஆக்சிஜன் அளவில்தான் உண்மையான கவலை இருக்கிறது. அமெரிக்க மருத்துவமனைகளின் பதிவுகளை வைத்து 2020-ல் வந்த ஆய்வில், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் விரல் கருவி ‘நன்றாக இருக்கிறது’ என்று காட்டியது வெள்ளையரைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறக்குறைய 3 மடங்கு. அதனால் 95 என்று பார்த்து நிம்மதியாகிவிடாமல், மூச்சு வாங்குகிறதா என்று ஆளையும் பார்க்க வேண்டும்.

கைகள் குளிரில் விறைத்திருந்தாலும் சைகை மங்கும். பனிமலையில் காவல் நிற்பவருக்கு இது நிறத்தைவிடப் பெரிய பிரச்சினை.

9. ஆயிரத்தி ஐநூறு ரூபாய் வாட்ச் போதுமா? ரன்னிங் பிராக்டிஸுக்குத்தான்.

எவ்வளவு தூரம், எத்தனை நிமிடம் என்று பார்க்கப் போதும். ஸ்ட்ரெஸ், எச்ஆர்வி, ஆக்சிஜன் எல்லாம் அந்த விலையில் பெரும்பாலும் அலங்காரம். சோதித்துப் பார்க்க எளிய வழி உண்டு. உட்கார்ந்து கழுத்தில் விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள், வாட்ச்சோடு ஒப்பிடுங்கள். ஒரு சுற்று ஓடிவிட்டு மறுபடி எண்ணுங்கள். இன்னொன்று, சுருட்டிய துண்டில் வாட்ச்சைக் கட்டிப் பாருங்கள். துண்டுக்கும் நாடித் துடிப்பு காட்டும் வாட்ச்சுகள் உண்டு!

கட்டும்போது மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, ஆடாமல் ஆனால் இறுக்காமல் கட்டுங்கள். துடிப்பு துல்லியமாக வேண்டுமென்றால் மார்புப் பட்டை வாங்குங்கள்.

10. ஏற்காட்டுல ஓடிப் பழகினா லடாக், சியாச்சின்ல கஷ்டம் தெரியாதுன்னு கோச் சொல்றாரு. வாட்ச்ல அது தெரியுமா?

மலை ஏறினால் காலும் நெஞ்சும் பலப்படும், அதில் சந்தேகமில்லை. உயரத்துக்குப் பழகுவது வேறு. ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். அங்கே ஆக்சிஜன் எண் பெரிதாக இறங்காது. லே 3,500 மீட்டர். சியாச்சினில் 5,400 மீட்டருக்கு மேலும் காவல் சாவடிகள் உண்டு. ராணுவமே ஆட்களை நேராக மேலே ஏற்றுவதில்லை. முதல் கட்டத்தில் 6 நாள், அடுத்த இரண்டு கட்டங்களில் 4 நாள் வீதம் என்று நிறுத்தி நிறுத்தித்தான் ஏற்றுகிறார்கள். அவசரப்பட்டால் நுரையீரலில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாகும்.

வாட்ச் விஷயத்துக்கு வருவோம். உயரத்துக்குப் போன முதல் நாட்களில் ஓய்வில்கூடத் துடிப்பு கூடும், எச்ஆர்வி குறையும், தூக்கத்தில் மூச்சு விட்டு விட்டு வரும். மென்பொருள் இதையெல்லாம் மன அழுத்தம் என்று எடுத்துக்கொள்ளும். கேள்வி 6-ல் சொன்ன ‘அவருடைய வழக்கம்’ இடம் மாறியதும் செல்லாது, புதிதாகச் சேர்க்க வேண்டும்.

11. அப்ப இதால உருப்படியான பிரயோஜனம் எதுதான் சார்?

இதுவரை நான் குறையாகவே சொல்லிவந்ததால் ஒரு ஹவில்தார் மாமா கடுப்பாகிக் கேட்ட கேள்வி. பதில்: வெயில்.

உடலின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டி, ஆள் தடுமாறிக் குழம்ப ஆரம்பித்தால் அது வெப்ப வாதம். பயிற்சியில் இருக்கும் இளைஞர்களை இது தாக்குவதற்குப் பலவீனம் காரணமில்லை. நிறுத்தக்கூடாது, பின்தங்கக்கூடாது என்ற பிடிவாதம்தான் முக்கியக் காரணம். உடம்பு போதும் என்று சொன்னாலும் கேட்கமாட்டார்கள். பக்கத்தில் ஓடுபவரும் அதே நிலையில் இருப்பதால் கவனிக்கமாட்டார். வெளியிலிருந்து ஒரு கருவி பார்த்துக்கொண்டிருப்பது இங்கேதான் உதவும்.

உள்சூட்டை மணிக்கட்டில் அளக்க முடியாது. தோல் சூடு வேறு, உள்சூடு வேறு. விழுங்கக்கூடிய தெர்மாமீட்டர் மாத்திரை இருக்கிறது, ஆனால் தினமும் ஒரு ராணுவக் கம்பெனி (படைப்பிரிவு) ஆட்களுக்கு மொத்தமாகக் கொடுக்கும் விலை இல்லை. அமெரிக்க ராணுவத்தின் நேட்டிக் ஆய்வுக்கூடம் வேறு வழி பிடித்தது. துடிப்பு நிமிடத்துக்கு நிமிடம் எப்படி ஏறுகிறது என்ற தொடரை மட்டும் வைத்து உள்சூட்டை மதிப்பிடும் கணக்கை 2013-ல் வெளியிட்டார்கள். அதற்கு முன்பே, 1998-ல், உள்சூட்டையும் துடிப்பையும் சேர்த்து 0 முதல் 10 வரை உடல் திணறலைச் சொல்லும் குறியீடு ஒன்று வந்திருந்தது. இரண்டையும் சேர்த்தால், மார்பில் ஒரு பட்டை கட்டியவரை ‘இவரை உட்கார வையுங்கள்’ என்று முன்கூட்டியே சொல்ல முடிகிறது.

காந்தி ஸ்டேடியத்துப் பையன்களுக்கு: பட்டை இல்லாவிட்டாலும் இது தெரிந்திருக்கட்டும். கூட ஓடுபவர் கோணலாக நடந்தாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ, எரிந்து விழுந்தாலோ ஓட்டத்தை நிறுத்துங்கள். நிழலுக்குக் கொண்டுபோய், சட்டையைத் தளர்த்தி, குளிர்ந்த நீரைத் தலை முதல் கால் வரை ஊற்றிக்கொண்டே இருங்கள், விசிறுங்கள். 108-க்கு அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரட்டும் என்று குளிர்விப்பதைத் தள்ளிப்போடாதீர்கள். நினைவு தப்பியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

12. தூக்கத்தைச் சரியா சொல்லுமா? எம் பையன் நைட் டூட்டி பார்க்கிறான்.

எத்தனை மணிக்குத் தூங்கினார், எழுந்தார் என்பதை ஓரளவு நன்றாகவே சொல்லும். கை அசைவை வைத்துத் தூக்கத்தைக் கணக்கிடும் முறையில் அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிறுவனம் பல பத்தாண்டுகளாக வேலை செய்திருக்கிறது. ஆழ்ந்த தூக்கம் இத்தனை நிமிடம், கனவுத் தூக்கம் இத்தனை நிமிடம் என்று பிரித்துக் காட்டுவதை மட்டும் அவ்வளவாக நம்ப வேண்டாம். பாரா மாற்றிப் போடும் அதிகாரிக்கு ஆழ்ந்த தூக்கக் கணக்கு தேவையும் இல்லை. ‘இவர் ஒரு வாரமாக நாலு மணி நேரம்தான் தூங்குகிறார்’ என்பது போதும்.

இதே இரவுப் பதிவுகளிலிருந்து தொற்றுநோயையும் மோப்பம் பிடிக்க முயன்றார்கள். கொரோனா காலத்தில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வீரர்களுக்குக் கார்மின் வாட்ச்சும் ஓரா மோதிரமும் கொடுத்து, அறிகுறி தெரிவதற்கு 48 மணி நேரம் முன்பே எச்சரிக்க முடியும் என்று அறிவித்தது. காய்ச்சலுக்கும் மனக்கவலைக்கும் உடம்பு ஒரே மாதிரி சைகை கொடுக்கிறது என்பதற்கு இதுவும் சாட்சி.

13. தொண்ணூறு சதவீதம் சரியா கண்டுபிடிக்குதுன்னு விளம்பரத்துல போடுறாங்களே?

எங்கே, யாரிடம் என்று கேளுங்கள். இந்தத் துறையில் பலரும் பயன்படுத்தும் ஒரு தரவுத் தொகுப்பு 2018-ல் வந்தது. 15 பேர், ஆய்வக அறை. முன்னால் ஆட்களை உட்காரவைத்துப் பேசச் சொல்வது, பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழித்துக்கொண்டே வரச் சொல்வது, இப்படி ஒரு நெருக்கடி. ஓய்வா நெருக்கடியா என்று பிரிப்பதில் 93 சதவீதம் வரை சரியாக வந்தது. பொய் இல்லை. ஆனால் அது நெருக்கடி இப்போது ஆரம்பிக்கிறது என்று நமக்கே தெரிந்த அறை. எல்லையில் அப்படி மணி அடிப்பதில்லை.

இரண்டாவது, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எண்கள் நான் உதாரணத்துக்கு வைத்தவை. 1,000 பேர். உண்மையில் பெரும் மனநெருக்கடியில் இருப்பவர்கள் 20 பேர். கருவி நூற்றுக்குத் தொண்ணூறு சரி, ஆகவே 18 பேரைப் பிடிக்கிறது. மீதி 980 பேரில் பத்தில் ஒருவரைத் தவறாகக் காட்டுகிறது, 98 பேர். மொத்தம் 116 பேருக்கு மணி அடிக்கிறது, அதில் உண்மையானவர் 18. தவறிய 2 பேர் ‘நார்மல்’ பட்டியலில் இருக்கிறார்கள். நூற்றுப் பதினாறு பேரையும் ஒருவர் பொறுமையாக உட்கார்த்திப் பேசினால் இதில் பலன் உண்டு. 116 பேரின் கோப்பிலும் சிவப்பு மை வைத்தால் கெடுதல்.

14. எண் மோசமா வந்தா கேட்டகிரி இறங்கிடுமோன்னு எம் மருமகன் பயப்படுறாரு.

வாட்ச் எண்ணை வைத்து மருத்துவக் கேட்டகிரி முடிவாவதில்லை. ராணுவத்தில் ஷேப் என்று ஒரு வகைப்பாடு உண்டு. மனநிலை, காது, கைகால், உடல், பார்வை என ஐந்து. மனநிலைப் பகுதியில் மாற்றம் வேண்டுமானால் மருத்துவர்கள் நேரில் பரிசோதிக்க வேண்டும்.

இருந்தாலும் அந்தப் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. கேட்டகிரி இறங்கினால் பதவி உயர்வும் பணியிடமும் பாதிக்கும் என்பது பட்டாளத்தில் எல்லோருக்கும் தெரியும். எம்.ஐ. ரூமுக்கு (யூனிட்டின் மருத்துவ அறைக்கு) போய்த் தூக்கம் வரவில்லை என்று சொல்லவே பலர் தயங்குகிறார்கள். வாட்ச் அந்தத் தயக்கத்தைக் கூட்டினால் வாங்கியதே வீண்.

15. ஏமாத்த முடியுமா?

முடியும். நிமிடத்துக்கு ஆறு மூச்சு வீதம் மெதுவாக விட்டால் சில நிமிடங்களில் எச்ஆர்வி கூடும். தூங்குமூஞ்சி நண்பன் கையில் கட்டிவிடலாம். கழற்றி வைத்துவிட்டுச் சார்ஜ் போட்டேன் என்று சொல்லலாம். ரத்த அழுத்தத்துக்குச் சிலர் சாப்பிடும் பீட்டா பிளாக்கர் மாத்திரை துடிப்பையே இறக்கிவிடும், அதைச் சாப்பிடுபவர் ஏமாற்ற நினைக்காவிட்டாலும் எண் மாறும்.

வேடிக்கை என்னவென்றால் முதல் வழி ஏமாற்றே இல்லை. மெதுவாக மூச்சு விட்டால் உடம்பு உண்மையிலேயே தணிகிறது. எண்ணைப் பார்த்துக்கொண்டே மூச்சைப் பழக்குவதைச் சிகிச்சையாகவே சொல்லித்தருகிறார்கள்.

16. இந்த விவரமெல்லாம் யார் கைக்குப் போகும்? அதிகாரி பார்ப்பாரா?

என்னைக் கேட்டால் இந்தப் பக்கத்தில் உள்ளதிலேயே பெரிய கேள்வி இதுதான். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், சிகிச்சை பெறுபவரின் விவரம் ரகசியம் என்கிறது. 2023-ன் மின்னணு தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில், நாட்டின் பாதுகாப்பு போன்ற காரணங்களுக்காக அரசு அறிவிக்கும் அமைப்புகளுக்கு விலக்கு உண்டு. அதனால் சட்டம் முழுவதும் காப்பாற்றும் என்று எண்ணிவிட முடியாது, யூனிட் வகுக்கும் விதிதான் முக்கியம்.

என் பார்வையில் ஞாயமான பங்கீடு இப்படி: தன் எண்ணைத் தான் பார்க்கலாம். தனிநபர் பதிவை யூனிட் மருத்துவர் பார்க்கலாம். கம்பெனி கமாண்டருக்கு, பெயர் இல்லாமல், ‘உங்கள் ஆட்களின் சராசரித் தூக்கம் இந்த வாரம் குறைந்துவிட்டது’ என்ற அளவு போதும். பாராவை மாற்றிப் போட அவருக்கு அதுவே போதுமானது. வெயில் எச்சரிக்கைக்கு மட்டும் இந்தத் திரை வேண்டாம், அது உடனே பக்கத்தில் இருப்பவருக்குப் போக வேண்டும்.

17. பையனுக்குப் பிறந்தநாளுக்கு நல்ல வாட்ச் ஒண்ணு வாங்கி அனுப்பலாமா?

முதலில் யூனிட்டில் அனுமதி உண்டா என்று அவரையே கேட்கச் சொல்லுங்கள். ஸ்ட்ராவா என்ற ஓட்டப் பயிற்சி ஆப், உலகம் முழுக்கத் தன் பயனர்கள் ஓடிய பாதைகளை ஒரே வரைபடமாக 2017 நவம்பரில் வெளியிட்டது. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் அதை உற்றுப் பார்த்தார். சிரியா, ஆப்கானிஸ்தான் பாலைவனங்களில் ராணுவ முகாம்களின் வடிவம் பளிச்சென்று தெரிந்தது, வீரர்கள் காலையில் ஓடிய சுற்றுகள்! அதே ஆண்டு ஆகஸ்டில் அமெரிக்கா, களப்பகுதிகளில் இருப்பிடம் காட்டும் கருவிகளுக்குத் தடை போட்டது. நம் ராணுவம் 2020-ல் 89 ஆப்களைப் போனிலிருந்து நீக்கச் சொன்னது நினைவிருக்கலாம்.

லீவில் வந்திருக்கும்போதும் கவனம் வேண்டும். அஸ்தம்பட்டியில் வீட்டு வாசலிலிருந்தே பதிவை ஆரம்பித்து ஓடினால் வீடு எங்கே என்று ஊருக்கே தெரியும். ஆப்பில் பதிவுகளைத் தனக்கு மட்டும் என்று மாற்றிவையுங்கள்.

18. சேலம் டிஃபென்ஸ் காரிடார்ல இருக்குதே, இதை இங்கேயே செய்ய முடியாதா சார்? புராஜெக்ட்டா எடுக்கலாமா?

சென்னை, கோவை, ஓசூர், திருச்சியோடு சேலமும் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடத்தின் ஐந்து மையங்களில் ஒன்று, 2019-ல் தொடங்கியது. எடுக்கலாம். ஆனால் எல்லோரும் மென்பொருளிலேயே கை வைக்கிறீர்கள். 99 சதவீதத் துல்லியம் என்று காட்டும் மாடல் ஏற்கனவே நிறைய கிடக்கிறது.

தீராத பிரச்சினைகள் வேறு. வியர்வையில் ஊறிய பட்டை மூன்றாம் நாள் தோலை அரிக்கிறது. பேட்டரி வாரம் தாங்க வேண்டும், சியாச்சின் குளிரில் அது படுத்துவிடும். புளூடூத் சைகையை எதிரி மோப்பம் பிடிக்கலாம், அதனால் பதிவு செய்யும் நேரத்தில் எதையும் ஒலிபரப்பாமல் இருக்க வேண்டும். அரிக்காத பட்டை நெய்வதற்கு நெசவு தெரிந்த ஊரைவிட நல்ல இடம் எது?

19. லீவுல வந்தவர் ராத்திரியெல்லாம் உட்கார்ந்திருக்காரு, பிள்ளைங்ககிட்ட எரிஞ்சு விழறாரு. வாட்ச்சைக் காட்டி ‘பாரு, நார்மல்தான்’னு சொல்றாரு. எதை நம்புறதுங்க?

உங்கள் கண்ணை நம்புங்கள். கேள்வி 13-ல் தவறிய இருவர் இப்படித்தான் இருப்பார்கள். மாதக்கணக்கில் தொடரும் மனச்சோர்வில் எண் இயல்பாகவே இருக்கலாம். நிலத் தகராறு, கடன், லீவு கிடைக்காதது, கூட இருந்தவரின் மரணம் எதுவும் சென்சாரில் பதிவாகாது. அவரிடம் வாட்ச்சைப் பற்றி வாதாடாதீர்கள். தூக்கம் எப்படி, மனசில் என்ன என்று கேளுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. வரும் என்று சொன்னால் தனியாக விடாதீர்கள், அன்றே மருத்துவரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம், இலவசம், தமிழில் பேசலாம், நீங்களே அவருக்காக அழைத்தும் யோசனை கேட்கலாம். படைவீரர்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் என்று புனே ராணுவ மருத்துவக் கல்லூரியில் 2023 டிசம்பரிலிருந்து இதன் தனிப்பிரிவு இயங்குகிறது. சேலத்தில் நேரில் காட்ட, அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது.